பத்துப் பேர் ஆபீசுக்கு எந்த மெயில் சர்வர்?

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஒரு சின்ன ஆபீசை எடுத்துக்கொள்வோம். மெர்ச்சண்டைசர்கள் நாலு பேர், அக்கவுண்ட்ஸ், ஷிப்பிங், முதலாளி என்று பத்துப் பன்னிரண்டு பேர். ஜெர்மனியில் சரக்கு வாங்கும் பையருக்கு இன்வாய்ஸ் இன்னும் இலவச ஜிமெயில் முகவரியிலிருந்துதான் போகிறது. ஒரு மெர்ச்சண்டைசர் வேலையை விட்டால் அந்த பையரோடு பேசிய மொத்த மெயிலும் அவரோடு போய்விடுகிறது. இப்படி இருப்பவர்கள் மெயில் சர்வர் போட வேண்டும் என்று வரும்போது, டொமைன், அதாவது மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் கம்பெனியின் இணையப் பெயர், யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

வெப்சைட் செய்து கொடுத்தவர் தன் பெயரிலேயே டொமைனைப் பதிவு செய்து வைத்திருப்பது நம் ஊரில் சர்வசாதாரணம். புதுப்பிக்க வேண்டிய நாளில் அவர் போனை எடுக்காவிட்டால் வெப்சைட்டும் நிற்கும், மெயிலும் நிற்கும். அதனால் முதல் வேலையாக டொமைனைக் கம்பெனி பெயருக்கு மாற்றுங்கள், லாகின் முதலாளி கையில் இருக்கட்டும், அந்தக் கணக்குக்குக் கொடுக்கும் மீட்பு மெயில் முகவரி மட்டும் அதே டொமைனில் இருக்கக் கூடாது, ஏனென்றால் மெயில் நின்ற அன்று பாஸ்வேர்டை மாற்றக்கூட வழி இருக்காது. டொமைன் உங்களிடம் இருந்தால் சேவையை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், முகவரி அப்படியே இருக்கும்.

சரி, சர்வருக்கு வருவோம். ஆபீசிலேயே ஒரு கம்ப்யூட்டரில் சொந்தமாகப் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். மெயிலை அனுப்பி வாங்கும் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியில் வைத்துக் காட்டும் டவ்காட் எல்லாம் இலவசம்தான், நல்ல மென்பொருள்தான். மெயில்கவ் மாதிரி எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிக் கொடுக்கும் தொகுப்பும் இருக்கிறது, அது குறைந்தது 6 ஜிபி ரேம் கேட்கும். நிறுவுவதை ஒரு நாளில் முடித்துவிடலாம். அனுப்பிய மெயில் போய்ச் சேர வைப்பதுதான் பெரிய பாடு. ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்கு மெயில் போகும் வாசலான 25ஆம் போர்ட்டைப் பல இன்டர்நெட் கம்பெனிகள் அடைத்து வைத்திருக்கின்றன, கூகுள் கிளவுட், அமேசான் போன்றவையும் முதலில் அடைத்தேதான் தருகின்றன. ஸ்டேட்டிக் ஐபி, அதாவது மாறாத இணைய எண், வாங்க வேண்டும். அந்த ஐபி எந்தப் பெயருக்கு உரியது என்று சொல்லும் பிடிஆர் பதிவு வேண்டும், அதை ஐபி கொடுத்தவர்தான் போட முடியும். இவ்வளவும் செய்த பிறகும் புது ஐபியிலிருந்து வரும் மெயிலை எதிர்முனை சந்தேகத்தோடுதான் பார்க்கும். மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வர் மென்பொருளான எக்ஸ்சேஞ்ச் வாங்கிப் போட்டவர்களுக்கு வேறு தலைவலி: 2016, 2019 பதிப்புகள் இரண்டுக்கும் ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இதற்கென்றே முழுநேர ஆள் இல்லாத ஆபீஸ் சொந்த சர்வர் பக்கம் போகவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

வெப்சைட்டுக்கு இடம் வாங்கும்போது (வெப் ஹோஸ்டிங்) அதன் சிபேனல் நிர்வாகப் பக்கத்தோடு சேர்ந்து வரும் மெயில் மலிவு, ஆனால் அதே ஐபியில் இன்னும் எத்தனையோ பேர் இருப்பார்கள். ஒருவர் ஸ்பேம் அனுப்பி அந்த ஐபி, ஸ்பேம் அனுப்புபவர்களைப் பட்டியலிடும் ஸ்பாம்ஹாஸ் பட்டியலில் ஏறினால் உங்கள் பேக்கிங் லிஸ்ட்டும் திரும்பி வரும்.

மீதி இருப்பது மாதக் கட்டணச் சேவை. ஜோஹோ மெயில், கூகுள் வொர்க்ஸ்பேஸ், மைக்ரோசாஃப்ட் 365, இந்த மூன்றில் ஒன்று போதும். எல்லோரும் எக்செல்லும் அவுட்லுக்குமாக வேலை பார்க்கும் இடம் என்றால் மைக்ரோசாஃப்ட். போனிலேயே பாதி வேலை, ஃபைல் பகிர்வது அதிகம் என்றால் கூகுள். அடிப்படைத் திட்டத்தில் ஆளுக்கு 30 ஜிபி. மெயில் மட்டும் போதும், செலவு குறைய வேண்டும் என்றால் ஜோஹோ, அதில் ஆளுக்கு ஆள் வேறு வேறு திட்டம் எடுக்கலாம் என்பது சின்ன ஆபீசுக்கு நல்ல வசதி. அதன் இலவசத் திட்டத்தில் ஐஎம்ஏபி (சர்வரில் இருக்கும் மெயிலை அவுட்லுக் போன்ற மென்பொருளில் பார்க்கும் முறை) கிடையாது, அவுட்லுக்கில் வைத்து வேலை பார்ப்பவர்களுக்கு அது சரிப்படாது.

எத்தனை மெயில் பெட்டி வாங்குவது என்பதில்தான் காசு வீணாகிறது. ஆளுக்கு ஒன்று போதும். இன்ஃபோ, அக்கவுண்ட்ஸ், ஷிப்பிங் என்ற பெயர்களை குரூப் முகவரியாகவோ மாற்றுப்பெயராகவோ வைத்தால் தனிக் கட்டணம் வராது.

வாங்கியதும் டொமைனின் டிஎன்எஸ்ஸில் (டொமைனுக்கான பதிவேடு) எம்எக்ஸோடு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் போட்டே ஆக வேண்டும். வரும் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்வது எம்எக்ஸ், உங்கள் பெயரில் எந்த சர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல் எஸ்பிஎஃப், மெயிலில் போடும் டிஜிட்டல் முத்திரை டிகிம், இந்தச் சோதனையில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்வது டிமார்க். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலுக்கு அனுப்பும் யாருக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் கட்டாயம், ஒரு நாளில் 5000க்கு மேல் அனுப்பினால் மூன்றும் கட்டாயம். எஸ்பிஎஃப் பதிவு ஒன்றுதான் இருக்க வேண்டும், பழையதை அழிக்காமல் இரண்டாவதைச் சேர்த்தால் இரண்டும் செல்லாது. டாலியிலிருந்து இன்வாய்ஸ் போகிறதா, வெப்சைட் ஃபார்மிலிருந்து மெயில் போகிறதா என்று முன்கூட்டியே பாருங்கள், அவையும் புதுச் சேவையின் எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் முறை) வழியாகப் போகட்டும். டிமார்க்கை முதலில் வெறும் கண்காணிப்பு நிலையில் வைத்து, அறிக்கைகளைப் பார்த்து, உங்கள் மெயில் எல்லாம் தேறுகிறது என்று தெரிந்த பிறகு இறுக்குங்கள்.

மாற்றும் வேலையை சனிக்கிழமை சாயங்காலம் வைத்துக்கொள்ளுங்கள். முந்தின நாளே எம்எக்ஸின் டிடிஎல் நேரத்தை, அதாவது பழைய பதிவை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, குறைத்து, புதுப் பெட்டிகளை எல்லாம் உருவாக்கி, பழைய மெயிலை ஐஎம்ஏபி வழியாக ஏற்றிய பிறகுதான் எம்எக்ஸை மாற்ற வேண்டும். பழைய கணக்கை உடனே மூடாமல் இரண்டு வாரமாவது வைத்திருங்கள், தாமதமாக வருவது அங்கே விழும். மெயிலைக் கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள்ளும் பாப் முறையில் அவுட்லுக்கில் வேலை பார்த்தவர்களின் பழைய மெயில் சர்வரில் இல்லாமல் போகலாம், அவர்கள் கம்ப்யூட்டரில் பிஎஸ்டி என்ற அவுட்லுக் ஃபைலாக இருக்கும். அதைத் தனியாகத் தேடி எடுங்கள்.

அப்புறம், இரண்டு கட்டப் பாதுகாப்பை முதல் நாளே எல்லோருக்கும் கட்டாயமாக்குங்கள், முதலாளிக்கும் சேர்த்துத்தான். ஏற்றுமதி ஆபீஸ்களில் நடக்கும் பெரிய திருட்டு, உள்ளே புகுந்து மெயிலைப் படித்துக்கொண்டே இருந்து, பணம் வர வேண்டிய நேரத்தில் வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று பையருக்கு எழுதுவது. ஒரு எழுத்து மட்டும் மாறிய டொமைனிலிருந்து எழுதினால் உங்கள் டிமார்க்கால் தடுக்க முடியாது. கணக்கு மாற்றம் என்று எந்த மெயில் வந்தாலும், ஏற்கெனவே தெரிந்த நம்பருக்கு போன் போட்டுக் கேட்ட பிறகே பணம் அனுப்புங்கள் என்று பையர்களுக்கு இப்போதே எழுதிவிடுங்கள்.