நிவாரண முகாமில் நோய் பரவாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

முதல் தடவையாக முகாம் வேலைக்குப் போகிறீர்களா? போய் இறங்கியதும் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார், "பிணத்தை எல்லாம் உடனே புதைக்கணும், இல்லன்னா கொள்ளைநோய் வந்துடும்" என்று. அதைக் கேட்டுப் பதறாதீர்கள். நிலநடுக்கத்திலோ சுனாமியிலோ அடிபட்டும் மூழ்கியும் இறந்தவர்களின் உடல்களால் பொதுவாகத் தொற்றுநோய் கிளம்புவதில்லை (காலரா, எபோலாவில் இறந்தவர்கள் என்றால் அது வேறு கதை, அங்கே பயிற்சி பெற்றவர்கள்தான் கை வைக்க வேண்டும்). அவசரத்தில் எல்லாரையும் ஒரே குழியில் தள்ளி மூடினால், யார் எங்கே என்று தெரியாமல் குடும்பங்கள் வருடக்கணக்கில் அலைவதுதான் மிச்சம். போட்டோ எடுங்கள், எண் போடுங்கள், எங்கே கிடைத்தது என்று எழுதி வையுங்கள். மீதி ஆட்களைத் தண்ணீர் பக்கமும் கழிப்பறை பக்கமும் அனுப்புங்கள், ஏனென்றால் ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

1994இல் ருவாண்டாவிலிருந்து தப்பி வந்த லட்சக்கணக்கானவர்கள் பக்கத்து நாடான இன்றைய காங்கோவின் கோமா நகரில் குவிந்தபோது, முதல் மாதத்திலேயே சுமார் 50,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் காலராவும் ரத்தபேதியும்தான் காரணம். எரிமலைப் பாறை நிலம் என்பதால் கழிப்பறைக் குழி தோண்டுவதே பெரும்பாடாக இருந்தது. ஹைட்டியில் நிலநடுக்கம் வந்தது 2010 ஜனவரியில், காலரா வந்தது அக்டோபரில். அதுவும் பிணங்களிலிருந்து வரவில்லை, ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்து வந்தது.

சரி, தண்ணீர். குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் வேண்டும். குடிக்கிற தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க விட்டு, அதற்குப் பிறகும் ஒரு நிமிடம் வைத்து இறக்குங்கள். விறகோ கேஸோ இல்லையென்றால், வாசனை சேர்க்காத 5 அல்லது 6 சதவீத பிளீச் திரவம் லிட்டருக்கு 2 சொட்டு விட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். கலங்கல் தண்ணீரைத் துணியில் வடிகட்டிவிட்டு 4 சொட்டு விடலாம். இவ்வளவும் செய்துவிட்டு வாய் அகன்ற பாத்திரத்தில் ஊற்றி வைத்தால் ஆளாளுக்குக் கையை விட்டு மொள்ளுவார்கள், செய்தது அத்தனையும் வீண். குறுகிய வாய், மூடி, முடிந்தால் குழாய் வைத்த பாத்திரம்தான் தேவை.

கழிப்பறை தொடக்கத்தில் 50 பேருக்கு ஒன்று, சீக்கிரமே 20 பேருக்கு ஒன்று. ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது. விளக்கும் உள்தாழ்ப்பாளும் இல்லாத கழிப்பறைக்குப் பெண்கள் இரவில் போக மாட்டார்கள், அடக்கிக்கொண்டோ தண்ணீர் குடிக்காமலோ கிடப்பார்கள். பக்கத்திலேயே சோப்பும் தண்ணீரும் இருக்கட்டும்.

யாருக்காவது வயிற்றுப்போக்கு ஆரம்பித்தால் மருத்துவர் வரும் வரை காத்திருக்காமல் ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) கொடுங்கள். பொட்டலம் இல்லையா? ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து கலக்குங்கள். உப்பு கூடிவிடக் கூடாது. தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம். இந்த இடத்தில் ஒரு விஷயம், யாராவது நல்ல மனதோடு பெட்டி பெட்டியாகப் பால் பவுடர் கொண்டுவந்து இறக்கினால் கண்ட கைகளுக்கும் கொடுத்துவிடாதீர்கள். 2006இல் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் வந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு, அப்படி நன்கொடையாக வந்த பவுடர் கிடைத்த குழந்தைகளிடம்தான் வயிற்றுப்போக்கு அதிகமாக இருந்தது.

தட்டம்மை நெரிசலில் காட்டுத்தீ மாதிரி பரவும். முதல் நோயாளி வரட்டும் என்று இருக்காமல், 6 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடச் சொல்லிச் சுகாதாரத் துறையை நச்சரியுங்கள். சேறு படிந்த காயங்களை நன்றாகக் கழுவி, டெட்டனஸ் ஊசிக்கு அனுப்புங்கள். ஜெனரேட்டரைக் கட்டடத்துக்குள் ஓட்டவே கூடாது, அதன் புகையில் வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது.

அப்புறம், பலரும் கோட்டை விடுகிற இடம். 2017இல் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோவைத் தாக்கியபோது முதலில் சொன்ன சாவுக் கணக்கு 64. பிற்பாடு ஆய்வு செய்து அரசே ஏற்றுக்கொண்ட எண்ணிக்கை 2,975. மாதக்கணக்கில் மின்சாரம் இல்லை, சிகிச்சை தடைப்பட்டது, வயதானவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். அதனால் முதல் நாளே ஒரு பட்டியல் எடுங்கள்: இன்சுலின், பிரஷர் மாத்திரை, டயாலிசிஸ், ஆக்சிஜன், வலிப்பு மருந்து, கர்ப்பிணிகள். கையில் இன்னும் எத்தனை நாளுக்கு மருந்து இருக்கிறது என்பதையும் பெயருக்கு நேரே எழுதுங்கள்.

நடந்ததைச் சொல்லச் சொல்லி யாரையும் வற்புறுத்த வேண்டாம், அவர்களாகப் பேசினால் கேளுங்கள்.

கடைசியாக ஒரு நோட்டு. தினமும் மாலையில் வயிற்றுப்போக்கு, காய்ச்சல், தடிப்பு, இருமல், சாவு எத்தனை என்று குறித்து வாருங்கள். 10,000 பேருக்கு ஒரு நாளைக்கு ஒரு சாவு என்ற அளவைத் தொட்டாலே அது அவசரநிலை. அதாவது 5,000 பேர் இருக்கும் முகாமில் இரண்டு நாளைக்கு ஒருவர் என்று தொடர்ந்து இறந்தால், நோட்டை எடுத்துக்கொண்டு அன்றைக்கே சுகாதார அதிகாரி முன்னால் போய் நில்லுங்கள்.