ஒரே பெயரில் இரண்டு கணக்கு: லினக்ஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கில், பாயான் லெப்பாஸ் பக்கம் சிஸ்டம் வேலைக்கு வரும் பிள்ளைகள், என் ஆரம்ப காலத்துத் தவறுகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். பாஸ்வேர்டைத் தாளில் எழுதி ஒட்டுவது, நாள் முழுக்க ரூட்டாகவே (முழு அதிகாரக் கணக்கில்) வேலை செய்வது எல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

டைரக்டரி ஆளுக்கு லோக்கல் கணக்கு திறப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான்: நிறுவனத்தின் பொதுக் கணக்குப் பட்டியலில் (டைரக்டரி) இருப்பவருக்கு, ஒரு சர்வரில் மட்டும் தனியாக (லோக்கல்) கணக்கு திறப்பது. ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்டில் ஒரு பெண் பொறியாளரால் சர்வருக்குள் நுழைய முடியவில்லை. "அவசரம்னு சொன்னாங்கண்ணே, அதே பேர்ல ஒரு யூசர்ஆட் போட்டுக் கொடுத்துட்டேன்" என்றான் பயிற்சிக்கு வந்த தம்பி.

கோப்பு யாருடையது என்பதை லினக்ஸ் பெயரை வைத்துப் பார்ப்பதில்லை, எண்ணை வைத்துத்தான் பார்க்கிறது. மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரி கணக்குக்கு, டைரக்டரியிலிருந்து கணக்குகளைக் கொண்டுவரும் எஸ்எஸ்எஸ்டி சேவை தானாகக் கணக்கிடும் யூஐடி (பயனர் எண்), அமைப்பை மாற்றாவிட்டால் 200,000-க்கு மேல் இருக்கும். சர்வரிலேயே கணக்கு திறக்கும் யூசர்ஆட் கட்டளை 1000-லிருந்து கொடுக்கும். கணக்குகளை எந்த வரிசையில் தேடுவது என்று சொல்லும் என்எஸ்சுவிட்ச் கோப்பில் பெரும்பாலும் 'ஃபைல்ஸ்' (சர்வரின் சொந்தக் கோப்புகள்) முதலில், 'எஸ்எஸ்எஸ்' (எஸ்எஸ்எஸ்டி) பிறகு. ஆகவே லோக்கல் கணக்கு கிடைத்ததும் தேடல் அங்கேயே நின்றுவிடும்.

விடிந்ததும், பல சர்வர்கள் பகிரும் என்எஃப்எஸ் கோப்பு சர்வரில் இருந்த தன் கோப்பையே அந்தப் பெண்ணால் திறக்க முடியவில்லை. உடனே இன்னொருவர் கோப்பு சர்வரில் உரிமையை அந்த லோக்கல் கணக்கின் எண்ணான 1003-க்கு மாற்றினார். இங்கே சரியானது, மற்ற சர்வர்களில் கெட்டது. அதில் ஒன்றில் 1003 வேறொருவரின் எண்; அவர் கைக்கு இவருடைய கோப்புகள் போய்விட்டன.

அதைவிட மோசம், அந்தப் பொறியாளர் வேலையை விட்டபின் நடந்தது. டைரக்டரி கணக்கை முறைப்படி மூடினார்கள். அந்த ஒரு சர்வரில் மட்டும் கதவு திறந்தே கிடந்தது, தணிக்கை வரும்வரை.

அன்றிரவு உண்மையான கோளாறு, சர்வரின் கடிகாரம். டைரக்டரி லாகினில் ஆளைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் வழக்கமாக 5 நிமிட வித்தியாசம் வரைதான் பொறுக்கும். அதனால் முதலில் நேரத்தைப் பாருங்கள், அப்புறம் எஸ்எஸ்எஸ்டி ஓடுகிறதா என்று பாருங்கள். கெட்என்ட் கட்டளையில் சின்ன எஸ் போட்டு எஸ்எஸ்எஸ்ஸை மட்டும் கேட்டால், டைரக்டரி அந்த ஆளைத் தருகிறதா என்பது தெரிந்துவிடும். இதையெல்லாம் பார்க்காமல் யூசர்ஆட் பக்கமே போகாதீர்கள்.

பூட்டிவிட்டோம் என்று நம்புவது

பாஸ்வேர்டைப் பூட்டுவது வேறு, கணக்கை மூடுவது வேறு. தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவி வைத்திருப்பவர் பாஸ்வேர்டு இல்லாமலே வந்துவிடலாம். சேஜ் கட்டளையில் பெரிய ஈ போட்டு 0 கொடுங்கள், கணக்கே காலாவதியாகும்.

குழுவில் சேர்த்தும் தெரியவில்லை என்று பதறுவது

எஸ்எஸ்எஸ்டி பழைய பதிலை வழக்கமாக 5400 விநாடி வைத்திருக்கும். அந்தத் தற்காலிகச் சேமிப்பை (கேஷ்) அழித்துவிட்டு, மறுபடி லாகின் செய்து பாருங்கள்.

யூசர்மாட்டில் பெரிய ஜி மட்டும்

ஒருவரைப் புதுக் குழுவில் சேர்க்க யூசர்மாட் கட்டளையில் பெரிய ஜி மட்டும் போட்டால், அவருடைய பழைய கூடுதல் குழுக்கள் எல்லாம் போய்விடும். சின்ன ஏ-வையும் சேருங்கள்.

சுடோயர்ஸ்

யாருக்கு ரூட் அதிகாரம் என்று சொல்லும் இந்தக் கோப்பை விசுடோ கட்டளையில் மட்டும் திருத்துங்கள்.