புதிய பிரதமருக்கு நீலகிரியிலிருந்து கோரிக்கை மனு அனுப்பும் முறை

புதிய பிரதமர் பதவியேற்றதும், பசுந்தேயிலை விலை முதல் காட்டுமாட்டுத் தொல்லை வரை எல்லாவற்றையும் ஒரே மனுவில் அடுக்கும் வழக்கம் கோத்தகிரி, குன்னூர் சிறு தேயிலை விவசாயிகளிடம் உண்டு. அத்தகைய மனுவை எந்த அதிகாரியும் தமக்குரியதாகக் கருதுவதில்லை. ஆகவே முதலில் அதிகார வரம்பைப் பிரித்துக்கொள்ள வேண்டும். 1953ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேயிலை வாரியம் மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழ் இயங்குவதால், விலை குறித்துப் பிரதமருக்கு எழுதலாம். கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளின் இணையமான இன்கோசர்வ் மாநில அரசைச் சார்ந்தது என்பதால், அங்கிருந்து வரவேண்டிய நிலுவைத் தொகைக்குச் சென்னையைத்தான் அணுக வேண்டும்.

"விலையை உயர்த்துங்கள்" என்று மட்டும் எழுதினால் போதாது. வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் சராசரி விலையையும், தொழிற்சாலை உங்களுக்கு உண்மையில் வழங்கிய கிலோ விலையையும் அருகருகே குறித்து, ரசீது நகலை இணைக்க வேண்டும். கொழுந்து பறிக்கும் கூலியையும் சேர்த்துக் காட்டினால் வாதம் வலுப்பெறும் (பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்).

பிரதமர் அலுவலக இணையதளத்தில் மனு அளித்ததும் கிடைக்கும் பதிவு எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். மனு வேறு அமைச்சகத்துக்கு மாற்றப்பட்ட பின்னும் அந்த எண்ணைக் கொண்டே நிலையை அறிய முடியும். 2024 ஆகஸ்டில் வெளியான மத்திய அரசின் குறைதீர்ப்பு வழிகாட்டுதல்கள் 21 நாட்களுக்குள் தீர்வு காணச் சொல்கின்றன. நீதிமன்றத்தில் நிலுவையிலுள்ள விவகாரங்கள் ஏற்கப்படமாட்டா. பதில் திருப்தியளிக்காவிட்டால், மேல்முறையீடு செய்யலாம்.