முதியோர் இல்லத்தில் மருந்து வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம், புதிதாகச் சேர்ந்த நர்ஸ் பெண் இன்சுலின் குப்பிகளை ஃப்ரிட்ஜில் ஃப்ரீசருக்கு நேர் கீழே அடுக்கிக்கொண்டிருந்தாள். "நல்லா ஜில்லுனு இருக்கட்டும்கா" என்றாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதைத்தான் செய்தேன். அலமாரியைப் பூட்டுவது, காலாவதித் தேதி பார்ப்பது எல்லாம் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். இதை யாரும் சொல்வதில்லை.

இன்சுலினை உறைய விடுவது

பிரிக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி குளிர் போதும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் ஃப்ரீசரை ஒட்டிய தட்டும் பின்சுவரும் அதைவிடக் குளிர்ந்துவிடும். ஒருமுறை உறைந்த இன்சுலினை, இளகினாலும் நம்பிப் போட முடியாது. ஆனால் தெளிவான இன்சுலின், இளகிய பிறகு பார்க்கப் பழையபடியே இருக்கலாம்.

அப்படிப்பட்ட குப்பியிலிருந்துதான் ஒரு பாட்டிக்கு நான்கு நாள் ஊசி போட்டேன். சர்க்கரை 350க்குக் கீழே இறங்கவே இல்லை. ஒளித்துவைத்து இனிப்புச் சாப்பிடுகிறார் என்று நினைத்து, கேள்வி கேட்டு அவரை அழ வைத்தோம். டாக்டர் அளவைக் கூட்டினார். ஐந்தாம் நாள் புதுக் குப்பி பிரித்தேன். அது கெடாத மருந்து. அளவோ கூட்டிய அளவு. விடியற்காலையில் பாட்டிக்கு உடம்பெல்லாம் வியர்வை, கூப்பிட்டால் பதில் இல்லை. சர்க்கரை 42. குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் கண் திறந்தார். பாட்டியைச் சந்தேகப்பட்ட எங்களில் ஒருவருக்குக்கூட குப்பியைச் சந்தேகிக்கத் தோன்றவில்லையே என்று இன்றும் ஆத்திரமாக வருகிறது.

நடுத்தட்டில், அட்டைப்பெட்டியோடு, ஐஸ் பேக் படாமல் வையுங்கள். உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வைத்து, காலையும் மாலையும் குறித்துவையுங்கள். சர்க்கரை காரணமில்லாமல் ஏறினால், அளவைக் கூட்டும் முன்பே குப்பி மேல் சந்தேகம் இருக்கிறது என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

பிரித்த தேதி எழுதாதது

இன்சுலின் குப்பி பிரித்தபின் பெரும்பாலும் 28 நாள்தான். பல கண் சொட்டு மருந்துகளும் அப்படித்தான். தேதியைக் குப்பியிலேயே எழுதுங்கள், அட்டைப்பெட்டி தொலைந்துவிடும்.

40ஐயும் 100ஐயும் கலப்பது

நம் ஊர் இன்சுலின் குப்பிகளில் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், இன்சுலின் பேனாவில் 100. சிவப்பு மூடி சிரிஞ்ச் 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. தனித்தனி ட்ரே, அவ்வளவுதான்.

மாத்திரை அட்டையை வெட்டிவைப்பது

பெயரும் தேதியும் போய்விடும். வெட்டாதீர்கள்.

இறந்தவரின் மருந்து

அறையைக் காலி செய்யும் அன்றே அலமாரியிலிருந்தும் எடுத்துவிடுங்கள். "நல்ல மாத்திரைதானே, வீணாப் போகுதே" என்று பக்கத்துக் கட்டிலுக்குக் கொடுக்காதீர்கள்.