ஸ்பீக்கர் பெட்டிக்குள் என்ன வைப்பது, எங்கே வைப்பது?

நான் முதன்முதலில் செய்த ஸ்பீக்கர் பெட்டியின் உள்பக்கம் முழுக்க, டிவி வந்த அட்டைப்பெட்டியில் கிடந்த தெர்மோகோலை வெட்டி ஒட்டினேன். வெள்ளை வெளேரென்று பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் செய்தி வாசிப்பவர் குடத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு வாசிப்பதுபோல் கேட்டது. அடுத்த பெட்டியில் எதிர்ப்பக்கம் சறுக்கினேன். பழைய தலையணை ஒன்றைப் பிரித்து, போர்ட் (காற்று வெளியே போய்வர வைக்கும் குழாய்) வைத்த பெட்டிக்குள் இண்டு இடுக்கு விடாமல் திணித்தேன். குடம் போய்விட்டது, கூடவே பாஸும் போய்விட்டது.

எந்தப் பொருளை வாங்குவது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். எங்கே வைப்பது, எவ்வளவு வைப்பது என்பதுதான் அதைவிடப் பெரிய கேள்வி. கணக்குப் போட வசதியாக ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். ஆறரை அங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கானது), ஒரு ட்வீட்டர் (கீச்சு ஒலிக்கானது), 18 மி.மீ. எம்.டி.எஃப் பலகை. உள் அளவு 36 செ.மீ. உயரம், 26 செ.மீ. ஆழம், 18 செ.மீ. அகலம். வூஃபரும், இரண்டுக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் சர்க்யூட்டும் அடைக்கும் இடம் போக, ஏறத்தாழ 15 லிட்டர் காற்று.

படி 1: மூடிய பெட்டியா, போர்ட் பெட்டியா?

இதை முடிவு செய்யாமல் கடைக்குப் போகாதீர்கள். மூடிய பெட்டியில் பஞ்சைத் தாராளமாக நிரப்பலாம். போர்ட் வைத்த பெட்டியில் சிக்கனமாகத்தான் வைக்க வேண்டும். போர்ட் குழாயில் இருக்கும் காற்று முன்னும் பின்னும் தடையில்லாமல் ஆடினால்தான் பாஸ் வரும். பெட்டி முழுக்கப் பஞ்சு இருந்தால் அந்த ஆட்டம் சோர்ந்துவிடும். என் தலையணைப் பெட்டிக்கு நேர்ந்தது அதுதான்.

படி 2: பலகையைத் தட்டிப் பாருங்கள்

பெட்டிக்குள் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் உண்டு. ஒன்று, பலகையே அதிர்வது. இன்னொன்று, உள்ளே இருக்கும் காற்று அங்குமிங்கும் மோதி முழங்குவது. முதலாவதற்குப் பஞ்சு மருந்தல்ல. எவ்வளவு திணித்தாலும் பலகை அதிர்ந்துகொண்டுதான் இருக்கும்.

தேங்காய் வாங்கும்போது தட்டிப் பார்ப்பதுபோல, விரல் மடக்கி ஒவ்வொரு பக்கத்தையும் தட்டுங்கள். "டொக்" என்று சட்டென அடங்கினால் நல்லது. "டொம்ம்" என்று இழுத்தால் அந்தப் பலகைக்கு வேலை இருக்கிறது. எதிரெதிர்ப் பலகைகளை இணைத்து ஒரு குறுக்குச் சட்டம் ஒட்டுங்கள். சரிபாதியில் வேண்டாம், கொஞ்சம் தள்ளி ஒட்டுங்கள். அது போதவில்லை என்றால் தார் கலந்த டேம்பிங் ஷீட்டை உள்பக்கம் அழுத்தி ஒட்டலாம். கார் கதவுக்குள் ஒட்டுகிறார்களே, அதே ஷீட்தான். சென்னையில் இருப்பவர்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, மற்றவர்களுக்கு உள்ளூர் கார் அலங்காரக் கடை.

பிபிசியின் புகழ்பெற்ற எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கர் இந்த விஷயத்தில் ஒரு நல்ல பாடம். 1970களில் ஒலிபரப்பு வண்டிகளுக்காக வடிவமைத்த சின்னப் பெட்டி அது. தடித்த பலகை போடாமல் 12 மி.மீ. பிர்ச் பிளைவுட்டைப் போட்டு, உள்ளே தார் பட்டைகளை ஒட்டி அதிர்வை அடக்கினார்கள். அப்புறம் காற்றுக்காகத் தனியாக ஃபோம் வைத்தார்கள். இரண்டு நோய், இரண்டு மருந்து.

படி 3: உங்கள் பெட்டி எந்த அலைவெண்ணில் முழங்கும்?

நம் ஊர் வெப்பத்தில் ஒலி விநாடிக்குச் சுமார் 348 மீட்டர் ஓடுகிறது. அதில் பாதியை சென்டிமீட்டரில், அதாவது 17,400 என்ற எண்ணை, உள் அளவின் சென்டிமீட்டரால் வகுத்தால் அந்தத் திசையில் வரும் முழக்கத்தின் அலைவெண் ஹெர்ட்ஸில் கிடைக்கும். நம் பெட்டிக்கு உயரத்தில் 483, ஆழத்தில் 669, அகலத்தில் 967. மூன்றும் மனிதக் குரல் நன்றாகக் கேட்கும் இடத்தில் விழுகின்றன. செய்தி வாசிப்பவர் குடத்துக்குள் போனதற்குக் காரணம் இதுதான். பாதிப் பிரச்சினை கூம்பிலும் இருக்கிறது. வூஃபரின் கூம்பு வெறும் காகிதமோ பிளாஸ்டிக்கோதானே? பின்னால் முழங்கும் ஒலி அதன் வழியாகவே கொஞ்சம் தாமதமாக நம்மிடம் வந்துசேர்கிறது.

இந்த முழக்கத்தைப் பிடிக்கப் பஞ்சை எங்கே வைப்பது? அகலமான அண்டாவில் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நடந்து பாருங்கள். ஓரங்களில் தண்ணீர் ஏறி இறங்கும், பக்கவாட்டில் நகராது. நடுவில் ஏறி இறங்காது, ஆனால் இங்கிருந்து அங்கே ஓடிக்கொண்டே இருக்கும். பெட்டிக்குள் காற்றும் அப்படித்தான். சுவரை ஒட்டிய காற்றுக்கு நகர இடமில்லை, அழுத்தம் மட்டும் கூடிக் குறையும். நடுவில்தான் காற்று ஓடுகிறது. தண்ணீர் தளும்பாமல் இருக்கக் குடத்தில் ஒரு கொத்துத் தழையைப் போடுவார்களே, அந்தத் தழையின் வேலையைத்தான் பஞ்சு செய்கிறது. இழைகளுக்கு இடையே காற்று உரசிக்கொண்டு ஓடும்போது அதன் ஆற்றல் வெப்பமாக மாறி அடங்குகிறது.

ஆகவே சுவரில் ஒட்டிய ஒரு சென்டிமீட்டர் ஃபோம் 483 ஹெர்ட்ஸை ஒன்றும் செய்யாது. அது மேலே உள்ள கீச்சுகளைத்தான் கொஞ்சம் விழுங்கும். கால் அலை நீளம் என்று பார்த்தால் 483 ஹெர்ட்ஸுக்கு 18 செ.மீ., அதாவது சரியாகப் பெட்டியின் பாதி உயரம். பஞ்சு சுவரில் இருந்து எவ்வளவு தூரம் உள்ளே வருகிறதோ அவ்வளவு பலன்.

படி 4: பொருளைத் தேர்ந்தெடுப்பது

ஒரே ஒரு சோதனை போதும்: வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். காற்று துளியும் போகாவிட்டால் தூக்கிப் போடுங்கள். தெர்மோகோல், பேக்கிங்குக்கு வரும் வெள்ளை ஃபோம் ஷீட், யோகா பாய் எல்லாம் இங்கேயே தோற்றுவிடும். காற்று தாராளமாக, ஊதுவதே தெரியாமல் போனாலும் பயனில்லை. தேங்காய் நார் அப்படித்தான், இழை மிகவும் தடிமன். கொஞ்சம் முயன்று ஊத வேண்டும், ஆனால் அந்தப் பக்கம் வைத்த உள்ளங்கையில் காற்று பட வேண்டும். அதுதான் நமக்கு வேண்டியது. முட்டை அட்டையைப் பற்றி ஒவ்வொரு முறையும் யாராவது கேட்கிறார்கள். அது முட்டைக்கு நல்லது.

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது, தலையணைக்குப் போடும் பாலியஸ்டர் ஃபைபர். கடையில் ரெக்ரான் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள், எந்த நிறுவனத்துடையது என்றாலும் சரி. மலிவு, கை அரிக்காது, ஈரம் குடிக்காது, பூச்சி தின்னாது. எடைக்கு எடை பார்த்தால் கிளாஸ் வூல் அளவுக்கு உறிஞ்சாது என்பது உண்மைதான். ஆனால் கூடக் குறைய வைத்துப் பார்ப்பதற்கு இதைப்போல் வசதியான பொருள் இல்லை.

கிளாஸ் வூலும் ராக் வூலும் ஃபால்ஸ் சீலிங் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். வேலை அருமையாகச் செய்யும். 1954இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் வடிவமைத்த ஏஆர்-1 என்ற மூடிய பெட்டிக்குள் இருந்ததும் கண்ணாடி இழைதான். ஆனால் அதன் துகள் தோலில் பட்டால் இரவெல்லாம் அரிக்கும். கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை இல்லாமல் தொடாதீர்கள், இதை மட்டும் வாயில் வைத்து ஊதிப் பார்க்காதீர்கள். மெல்லிய துணியில் பை தைத்து அதற்குள் வைத்தால்தான் துகள் வூஃபருக்குள்ளோ போர்ட் வழியாக வீட்டுக்குள்ளோ வராது. போர்ட் பெட்டிக்கு நான் இதைப் போடவே மாட்டேன்.

இலவம்பஞ்சு எனக்குப் பிடித்த பொருள். போடிப் பக்கத்து இலவம்பஞ்சை மெத்தைக்கு வாங்கியபோது மீந்த கொஞ்சத்தை ஒருமுறை மூடிய பெட்டியில் போட்டேன். இழை மெல்லியது, உள்ளே குழல், எடையே இல்லை. குரல் இதமாக வந்தது. சிக்கல் என்னவென்றால், ஒரு வருடத்தில் பாதி உயரத்துக்கு அமுங்கிவிட்டது. தவிர எளிதில் தீப்பற்றும். சூடேறும் கிராஸ்ஓவர் ரெசிஸ்டர் அருகில் வைக்கத் துணிவு வரவில்லை. துணிப் பைகளாகத் தைத்து, தட்டுத் தட்டாகத் தொங்கவிட்டால் அமுங்குவதைத் தவிர்க்கலாம்.

ஆட்டுக் கம்பளிக்குப் பழைய மரியாதை உண்டு. 1965இல் பிரிட்டனில் ஏ.ஆர். பெய்லி தன் டிரான்ஸ்மிஷன் லைன் (வூஃபருக்குப் பின்னால் நீளமான பாதை உள்ள) பெட்டிக்கு நீள இழைக் கம்பளியைத்தான் பயன்படுத்தினார். நம் ஊரில் அதைப் பூச்சியிடமிருந்து காப்பாற்றுவதே தனி வேலை. ஃபோம் வாங்கினால் துளை திறந்த மெத்தை ஃபோம், குறைந்தது 5 செ.மீ. தடிமன். கடலோர ஊர்களில் சில வருடங்களில் மஞ்சளாகிப் பொடியாக உதிரும். பழைய வூஃபர்களில் ஃபோம் விளிம்பு உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதை.

படி 5: எடை போடுங்கள்

"ஒரு கைப்பிடி" என்று அளக்காதீர்கள், சமையலறைத் தராசை எடுங்கள். மூடிய பெட்டிக்கு லிட்டருக்கு 8 கிராமில் தொடங்கலாம். நம் 15 லிட்டருக்கு 120 கிராம். லிட்டருக்கு 16 கிராம் வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம். பைக்குள் இருந்து எடுத்த ஃபைபர் கட்டி கட்டியாக இருக்கும். பஞ்சு பன்னுவதுபோல விரலால் பிய்த்து உதறுங்கள். 120 கிராமைப் பிரித்து முடிக்க எனக்குக் கால் மணி நேரம் ஆகிறது. முடிந்ததும் ஒரு வாளி நிரம்பி வழியும்.

மூடிய பெட்டியில் பஞ்சுக்கு இன்னொரு வேலையும் உண்டு. சைக்கிள் பம்பை வேகமாக அடித்தால் சூடாகிறது அல்லவா? வூஃபர் உள்ளே வரும்போது பெட்டிக் காற்றும் அப்படி நொடியில் சூடாகி விறைக்கிறது. இழைகள் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டால் காற்று மென்மையாகி, பெட்டி உண்மையைவிடப் பெரியதுபோல் நடந்துகொள்ளும். கணக்குப்படி உச்சவரம்பு 40 சதவீதம். நடைமுறையில் 10 முதல் 20 சதவீதம் கிடைத்தால் நல்லது. நம் 15 லிட்டர், 17 லிட்டர்போல் இருக்கும். அளவு மீறித் திணித்தால் பஞ்சே இடத்தை அடைத்துக்கொண்டு, கிடைத்ததும் போய்விடும்.

படி 6: உள்ளே வைப்பது

மூடிய பெட்டி என்றால் சீராக எல்லா இடத்திலும் பரப்புங்கள், நடுப்பகுதி காலியாக இருக்கக் கூடாது. வூஃபரின் காந்தத்துக்குப் பின்னால் நடுவில் ஒரு துளை இருந்தால் அதன் அருகே இரண்டு விரல் இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் இழை உள்ளே போய்க் காயிலில் சிக்கும். ஒரு கொசுவலைத் துண்டை மூட்டைபோல் கட்டி வூஃபருக்குப் பின்னால் தடுப்பாக வைத்தாலும் சரி. கிராஸ்ஓவரைப் பஞ்சில் புதைக்காதீர்கள்.

போர்ட் பெட்டி என்றால், பின்பலகை, மேல்பலகை, ஒரு பக்கப் பலகை ஆகியவற்றில் 3 முதல் 5 செ.மீ. தடிமனுக்கு ஃபைபரைத் தகடாக வையுங்கள். ஃபைபர் நழுவாமல் இருக்க, மேலே வலைத்துணி விரித்து ஸ்டேப்ளர் அடித்தால் போதும். உயரத்தின் 483 ஹெர்ட்ஸுக்காக, மேலே ட்வீட்டருக்குப் பின்னால் இருக்கும் மூன்றில் ஒரு பங்கு இடத்தைத் தளர்வாக நிரப்பலாம். வூஃபரில் இருந்து போர்ட் வாய்க்குப் போகும் பாதை மட்டும் திறந்திருக்க வேண்டும். போர்ட் வாயைச் சுற்றி அதன் விட்டம் அளவுக்காவது பஞ்சு இல்லாத வெளி இருக்கட்டும்.

படி 7: ஒன்றில் வைத்து, ஒன்றைக் காலியாக விடுங்கள்

ஸ்பீக்கர் ஜோடியாகத்தானே செய்கிறோம். முதலில் ஒரு பெட்டியில் மட்டும் பஞ்சு வையுங்கள். இரண்டையும் அருகருகே நிறுத்தி, மோனோவில் ஆண்குரல் பேச்சு ஒன்றை ஓட விட்டு, பேலன்ஸை இடமும் வலமும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். வித்தியாசம் முதல் நிமிடத்திலேயே பிடிபடும். அப்புறம் 20 கிராம் கூட்டுவது, குறைப்பது. குடம் போன பிறகும் பஞ்சைக் கூட்டிக்கொண்டே போனால் குரலில் உயிர் போய், போர்வைக்குள் பேசுவதுபோல் ஆகும். அப்போது கடைசியாக வைத்த 20 கிராமை வெளியே எடுங்கள்.

கணினியில் ஆர்இடபிள்யூ என்ற இலவச மென்பொருளும், ஒரு ரெசிஸ்டரும் இருந்தால் இம்பீடன்ஸ் (ஒவ்வோர் அலைவெண்ணிலும் ஸ்பீக்கர் காட்டும் மின்தடை) வளைவையும் பார்க்கலாம். மூடிய பெட்டியில் பஞ்சு கூடக் கூட பாஸ் முகடு இடப்பக்கம் நகர்ந்து, உயரமும் குறையும். நகர்வது நின்றுவிட்டால் அதற்கு மேல் வைப்பது வீண். 480 அருகே ஒரு சின்னச் சுளுக்கு தெரியும், அது வழவழப்பானால் உயரத்தின் முழக்கம் அடங்கிவிட்டது.

இதெல்லாம் முடியும்வரை வூஃபரைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். ஸ்க்ரூவும் ஃபோம் கேஸ்கெட்டும் போதும். போன மாதம்கூட ஒன்றைத் திறந்தேன். போர்ட் வழியாக ஒரு பல்லி உள்ளே போய், என் ஃபைபரில் இரண்டு முட்டை வைத்திருந்தது.