செலவு உண்மைதான், ஆனால் கழிவு இல்லை: சிறு தொழில்காரர்கள் வரியில் கோட்டைவிடும் இடங்கள்

"செலவு பண்ணது நிஜம்தானே சார், அப்புறம் ஏன் கழிக்க முடியாது?" ரிட்டர்ன் போடும் காலத்தில் எந்த ஆடிட்டர் அலுவலகத்திலும் கேட்கும் கேள்வி இது. கழிவு என்றால், வரி போடும் முன் வருமானத்திலிருந்து செலவைக் கழிப்பது. அதற்குச் செலவு நிஜமாக இருந்தால் மட்டும் போதாது. பணத்தை யாருக்கு, எப்படி, எப்போது கொடுத்தீர்கள் என்பதையும் சட்டம் பார்க்கிறது. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் போய், 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம் வந்ததில் பிரிவு எண்கள்தான் மாறின. கீழே சொல்லும் பொறிகள் அங்கேயே இருக்கின்றன.

முதலில் ரொக்கம். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவு கழிவில் வராது. வரம்புக்கு மேலே உள்ளது மட்டும்தான் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, 10,500 கொடுத்தால் மொத்தமும் போச்சு. காலையில் 9,000, சாயங்காலம் 9,000 என்று பிரித்துக் கொடுத்தாலும் கூட்டித்தான் பார்ப்பார்கள். லாரி வாடகைக்கு மட்டும் வரம்பு 35,000. விவசாயியிடம் நேரடியாக விளைபொருள் வாங்கினால் விலக்கு உண்டு. மெஷினை ரொக்கத்தில் வாங்கினாலும் சிக்கல்தான்: அந்தத் தொகைக்குத் தேய்மானம் (பொருளின் விலையை ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிப்பது) கிடைக்காது.

இப்போது அதிகம் பேர் மாட்டுவது, பழைய சட்டத்தில் 43பி(எச்) என்று பெயரெடுத்த விதியில். உத்யம் (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) பதிவுள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கோ சேவை தருபவருக்கோ 15 நாளில் பணம் கொடுக்க வேண்டும். எழுத்து மூலம் ஒப்பந்தம் இருந்தால் 45 நாள் வரை போகலாம். 90 நாள் என்று எழுதிக்கொண்டாலும் 45தான் கணக்கு. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி, சிறு நிறுவனமாகப் பதிவான சாயப்பட்டறையில் பிப்ரவரி 10ஆம் தேதி 3 லட்சத்துக்கு வேலை வாங்கியது, ஒப்பந்தம் எதுவும் இல்லை, பணம் ஏப்ரலில் போனது என்று வைத்துக்கொள்வோம். அந்த 3 லட்சம் இந்த ஆண்டு லாபத்தோடு சேர்ந்து வரிக்கு வரும். கழிவு அடுத்த ஆண்டில்தான். தாமதமானாலும் மார்ச் 31க்குள் கொடுத்திருந்தால் இந்த ஆண்டே கழித்திருக்கலாம். ஜிஎஸ்டி பாக்கியை ரிட்டர்ன் கெடுவுக்குள் கட்டிச் சமாளிப்பது போல இதில் சமாளிக்க முடியாது. வாங்கி விற்கும் வியாபாரிகளுக்குத் தர வேண்டிய பாக்கிக்கு இந்த விதி பொருந்தாது. ஆகவே பிப்ரவரியிலேயே சப்ளையர்களின் உத்யம் சான்றிதழைக் கேட்டு வாங்கி, யார் எந்த வகை என்று பிரித்து வைப்பது நல்லது.

தனி முதலாளியாகத் தொழில் நடத்துபவர் தனக்கே சம்பளம் எழுதிக்கொள்வது இன்னொரு பழைய தவறு. கடையிலிருந்து வீட்டுக்கு எடுப்பது செலவே அல்ல. கார் கடனின் இ.எம்.ஐ. முழுவதையும் செலவில் போடுவதும் அப்படித்தான். வட்டி மட்டுமே செலவு. காருக்குத் தேய்மானம் தனியாக உண்டு. அதே காரில்தான் குடும்பமும் கோயிலுக்குப் போகிறது என்றால், அந்தப் பங்கைக் கழிவில் கேட்கக் கூடாது.

டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டுவது, பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்காமல் விட்டால் அந்தச் செலவில் 30 சதவீதம் கழிவிலிருந்து போகும். தனிநபர் தொழிலில் முந்தைய ஆண்டு விற்றுமுதல் 1 கோடியைத் தாண்டியிருந்தால், ஒப்பந்த வேலைக்கும் வாடகைக்கும் இந்தக் கடமை வந்துவிடும்.

இத்தனை கணக்கும் வேண்டாம் என்பவர்களுக்கு உத்தேச லாபத் திட்டம் இருக்கிறது. 2 கோடி வரை, ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் 3 கோடி வரை விற்றுமுதல் உள்ள தொழில்கள் இதில் சேரலாம். வங்கி வழி வந்த பணத்தில் 6 சதவீதம், மற்றதில் 8 சதவீதம் லாபம் என்று காட்டினால் போதும். அதற்கு மேல் வாடகை, தேய்மானம் என்று தனியாகக் கழிக்க இடமில்லை. ஒரு வருஷம் சேர்ந்துவிட்டு, லாபம் குறைவு என்று அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குள் வெளியேறினால், அதன்பின் ஐந்து ஆண்டுகள் திரும்ப வர முடியாது. வருமானம் வரி விலக்கு வரம்பைத் தாண்டினால் அந்தக் காலத்தில் கணக்குப் புத்தகமும் தணிக்கையும் கட்டாயம்.