கடலூருக்குப் போட்ட பில்லில் வரி மாறிப்போனால்

புதுச்சேரியில் தொழில் தொடங்குபவர்கள் முதல் மாதத்திலேயே சறுக்கும் இடம் இது. எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டினால் கடலூர். பக்கத்து ஊர்தானே என்று பில்லில் சிஜிஎஸ்டி (மத்திய அரசின் பங்கு) 9, எஸ்ஜிஎஸ்டி (மாநிலத்தின் பங்கு) 9 என்று போட்டுவிடுகிறோம். ஜிஎஸ்டிக்கு அது வெளிமாநிலம்: ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் விற்கும்போது போடும் வரி) 18 சதவீதம் போட வேண்டும். ஆனால் 100 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் காரைக்கால் உள்மாநிலம்தான்.

எங்கள் பில்லிங் மென்பொருளில் சரக்கு சேரும் மாநிலம் தானாகவே '34' என்று நின்றது, அதுதான் கோளாறு. இப்போது வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி எண்ணில் முதல் இரண்டு இலக்கத்தைப் பார்த்து (33 தமிழ்நாடு, 34 புதுச்சேரி), சரக்கு இறங்கும் முகவரியோடு ஒப்பிட்ட பிறகே பில் போடுகிறோம். புதிதாகச் சேரும் ஊழியருக்கு முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுங்கள்.

தவறாகப் போன பில்களை ஜிஎஸ்டிஆர்-1ல் (விற்பனை விவரங்களைத் தாக்கல் செய்யும் படிவம்) 9ஏ அட்டவணையில் திருத்தினோம். ஒரு லட்ச ரூபாய் பில்லுக்கு ஐஜிஎஸ்டி 18,000 புதிதாகக் கட்ட வேண்டும்; ஏற்கெனவே கட்டிய 9,000 + 9,000ஐ ஆர்எஃப்டி-01 என்ற விண்ணப்பத்தில் திரும்பக் கேட்கலாம். தாமதமாகக் கட்டும் ஐஜிஎஸ்டிக்கு வட்டி கட்ட வேண்டியதில்லை. சரியான வரி கட்டிய நாளிலிருந்து 2 ஆண்டுதான் கெடு. பணம் திரும்ப வரும்வரை கைக்காசு முடங்கும்; சிறு நிறுவனத்துக்கு அந்த மாதச் சம்பளமே இடிக்கும்.

இன்னொன்று, தமிழ்நாட்டுக்குள் இ-வே பில் (சரக்கு கொண்டுபோக எடுக்கும் மின்னணுச் சீட்டு) தேவைப்படும் சரக்கு மதிப்பின் வரம்பு ஒரு லட்சம். எல்லை தாண்டினால் 50,000தான், வரியையும் சேர்த்து.